கானலங்கோடு கேட்ட பாட்டு

நலம் பெருகுக. மலையில் மழையும் கடலில் காற்றும் காலம் தவறாமல் வருக.

மஞ்சு இறங்கித் தங்கும் முடிகளையும் தேன் வற்றாத பாறைகளையும் ஆளும் தனிப்பெருந்தலைவியும், மலைக்குடிகள் அனைவர்க்கும் தாயாய் நிற்பவரும், வில்லிலும் சொல்லிலும் குறி தப்பாதவருமாகிய மஞ்சுமலை நாட்டுப் பொன்னிலை வேண்மாள் பெருமாட்டியார் திருமுன்பு, கானலங்கோட்டு வேந்தர், கடற்காவலர், சேந்தன் நன்மாறர் ஆணையிட, அவர்தம் அமைச்சன் பூதங்கொற்றன் எழுதுவிக்கும் ஓலை.

பெருமாட்டியாரின் அவையும் குடியும் சுனையும் ஆட்டு மந்தையும் குறைவின்றி வாழ்க. இவ்வோலையைப் பிரித்துப் படிக்கும் வேளையில் யாழும் குழலும் முழவும் ஒலிக்க வேண்டா என்று எம் அரசர் முதற்கண் வேண்டிக்கொள்கிறார். ஓலை பிரிக்கும்போது மங்கல இசை முழங்க வேண்டும் என்பது கானலங்கோட்டு வழக்கம். அந்த வழக்கம் செய்த கேட்டைச் சொல்லத்தான் இந்த ஓலையே வருகிறது.

இரு நாட்டுக்கும் இடையில் நேர்ந்ததைப் பெருமாட்டியார் அறிவீர். எனினும் ஓலை முறைமைக்காக அதைச் சொல்லியாக வேண்டும். எல்லைக் காட்டில் வேட்டையாடிய எம் இளங்கோ வயமான், அரசருக்கு இருக்கும் ஒரே தம்பி, விட்ட அம்பு, நுமக்கு இருந்த ஒரே தம்பியாகிய எழினியாரின் மார்பில் பட்டது. எழினியார் அங்கேயே உயிர் நீத்தார். நும் காவலர் வயமானைப் பிடித்து மலைக்குக் கொண்டு சென்றனர். மான் என்று எண்ணியே எய்ததாக வயமான் சொன்னதும், அதை மலைநாட்டில் ஒருவரும் நம்பவில்லை என்பதும் மட்டுமே எமக்கு வந்து சேர்ந்த செய்தி. ஏன் நம்பவில்லை என்பது வந்து சேரவில்லை. வழக்கையும் துயரையும் பாடினி நல்லணியார் கொண்டு வருவார், அவரைக் கேட்டருள்க, என்று மட்டும் நும் தூதன் வாயிலில் உரைத்துத் திரும்பினான்.

இனிக் கானலங்கோட்டு அரண்மனையின் இசைப் பெருமையைச் சொல்ல வேண்டும். சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் மறைத்துப் பயனில்லை.

எம் அரசரின் பாட்டனார் காலத்தில் பகைவரின் ஒற்றன் ஒருவன் சுவரில் காதை வைத்து மந்திராலோசனை முழுவதையும் கேட்டுச் சென்றுவிட்டான். அன்று அப்பெரியவர் ஓர் ஆணை இட்டார். அரண்மனையில் இரவும் பகலும் இசை ஓயக் கூடாது. எந்தச் செய்தியையும் அந்த இசைக்கு அடியில் வைத்தே பேச வேண்டும். இசைத்திரை என்று அதற்குப் பெயரும் இட்டார். யாழோர் எழுந்தால் குழலோர் அமர்வர். குழலோர் உண்ணப் போனால் முழவோர் கை வைப்பர். ஒற்றர் தொல்லை அடியோடு ஒழிந்தது. அத்துடன் வேறொன்றும் ஒழிந்தது; அதை நாங்கள் அறியவில்லை.

இசை தொடங்கினால் எங்கள் வாய் திறக்கும். இசை நின்றால் வாய் மூடும். அப்படியே மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. இசைவாணரும் எங்களைப் போலவே ஆயினர். வெற்றிலை மென்றுகொண்டே யாழ் மீட்டுவர். மகள் திருமணப் பேச்சை விரல் நிறுத்தாமலே பேசி முடிப்பர். எம் அரசர் பிறந்த அறையிலேயே முழவு ஒலித்துக்கொண்டிருந்தது. நாள் முழுதும் இசையிலேயே வாழ்பவர் யாம் என்று பிற நாட்டுத் தூதரிடம் அவர் பெருமையாகச் சொல்வது உண்டு. ஒரு பண்ணுக்கும் மறு பண்ணுக்கும் அவருக்கு வேறுபாடு தெரியாது என்பதை அமைச்சன் அறிவான். தனக்கும் தெரியாது என்பதால் அதை வெளியில் சொன்னதில்லை.

இத்தகைய அவைக்குத்தான் பாடினி நல்லணியார் வந்தார்.

வந்தவரை இருக்கையில் அமர்த்தி, பால் கொடுத்து, வாயிலில் உரைக்கப்பட்டதையும் மறந்து, தூதர் பின்னால் வருகிறார் போலும், அதற்குள் இந்த அம்மையார் மங்கலம் பாடுவார் என்று எண்ணிக்கொண்டோம். அவர் பாடத் தொடங்கியதைக்கூட எவரும் அறியவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த எம் இசைவாணர், விருந்தினர் பாடும்போது துணை செய்வது மரியாதை என்று கருதி, முன்னிலும் உரக்க வாசித்தனர். இசை உரத்தது அல்லவா, உடனே மந்திரச் சுற்றம் அரசரை நெருங்கி அமர்ந்தது. இளங்கோவை மீட்க எத்தனை யானை கொடுப்பது, எதிலிருந்து பேரத்தைத் தொடங்குவது என்ற பேச்சு எழுந்தது. யானை எதற்கு, மலைக்குப் போகும் உப்பு வழியை அடைத்தால் போதும் என்று ஒருவர் சொல்ல, அரசர் அதை மெச்சினார். நும் பாடினியார் கையெட்டும் தொலைவில் அமர்ந்து நும் துயரத்தைப் பாடிக்கொண்டிருந்தார்.

நல்லணியார் பாட்டை நிறுத்தினார். விருந்தினர் நிறுத்தியதும் எம் இசைவாணரும் நிறுத்தினர். இசை நின்றதும் அவை முழுவதும் பழக்கத்தால் வாய் மூடியது. அரசர் மட்டும் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். பாதி உப்பு குறைந்தாலே மலையோர் பணிந்துவிடுவர் என்ற சொல், அமைதியான அவையில், எல்லோர் காதிலும் முழுதாக விழுந்தது.

பாடினியார் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். மலைநாட்டு முறையை எடுத்துரைத்தார். கொல்லப்பட்டவருக்காக அவர்தம் உடன்பிறந்தார் இயற்றிய இரங்கற்பாட்டை, கொன்றவரின் இல்லத்தில் பாட வேண்டும். அவ்வில்லத்தார் இறுதி வரை கேட்டு, கேட்டேன் என்று ஒரு சொல் சொன்னால், உயிருக்கு உயிர் வாங்கும் உரிமையை மலை விட்டுவிடும். அதற்கு மேல் யானையும் வேண்டா, பொன்னும் வேண்டா. இப்பொழுது பாட்டு பாதியில் நிற்கிறது, பாதிப் பாட்டைச் சுமந்து மலை ஏறுவது ஆகாது; எல்லையில் உப்பைக் குவித்து வைக்கும் கிடங்காகிய உப்புச் சாலையில் தேய்பிறை முடியும் வரை காத்திருப்பேன்; அதற்குள் கேட்பார் வராவிடில் மலையில் முரசு ஒலிக்கும், வயமானின் உயிர் அன்று முடியும் என்று உரைத்து, வணங்கி, எழுந்து போனார்.

அவர் எப்பொழுது பாடத் தொடங்கினார் என்று அரசர் அவையைக் கேட்டார். நிறைந்த அவையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தம்பி என்றால் எம் அரசருக்கு உயிர். தாயற்ற வயமானைத் தம் மடியில் வைத்து உணவூட்டி வளர்த்தவர் அவர். ஆகவே அன்றே உப்புச் சாலைக்கு விரைவார் என்று எதிர்பார்த்தோம். அவர் போகவில்லை. போனால் மறுபடியும் அதே தவறைத்தான் செய்வேன் என்று அமைச்சனிடம் சொன்னார். பாட்டு தொடங்கினால் தம் மனம் தானாகவே யானைத் தீவனத்துக்கும் கப்பல் வரிக்கும் ஓடிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் முதலில் அரண்மனையின் இசையை நிறுத்தும்படி ஆணையிட்டார்.

அந்த நாட்கள் நகைப்புக்கு உரியவை, அழுகைக்கும் உரியவை. எவருக்கும் பேச வாய் வரவில்லை. சுங்க அதிகாரி தம் கணக்கை உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். மடைப்பள்ளியில் உப்பு கேட்கக் கூசி உப்பில்லாமலே சமைத்தனர். அரசியாரின் கிளி ஊமை என்று எண்ணியிருந்தோம். அது அன்று பேசியது, பேசியதெல்லாம் மந்திராலோசனை. அதை அவசரமாகத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலையற்று அமர்ந்திருந்த இசைவாணரின் விரல்கள் வெறும் மடியில் அசைந்துகொண்டே இருந்தன.

இசை நின்ற மறுநாள் காலை அரசர் அமைச்சனை அழைப்பித்தார். முகம் வெளிறியிருந்தது. தரைக்கு அடியிலிருந்தோ சுவருக்கு வெளியிலிருந்தோ ஓர் ஓசை வருகிறது, எழுகிறது, அடங்குகிறது, மறுபடி எழுகிறது, பகைவர் சுரங்கம் தோண்டுகின்றனரோ என்று மெல்லிய குரலில் வினவினார். அமைச்சன் செவி கொடுத்துப் பார்த்தான். அவனுக்கும் விளங்கவில்லை. வாயிற்காவலனை அழைத்துக் கேட்டோம். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அது கடல் என்று பணிவோடு சொன்னான்.

பெருமாட்டியார் இதைக் கேட்டு நகைக்கலாம், நகைப்பது தகும். கடற்காவலர் என்ற பட்டத்தைத் தாங்கி, கடலை ஒட்டிய மாளிகையில் பிறந்து, நரை தோன்றும் வயது வரை வாழ்ந்த அரசர், அன்று காலைதான் கடலைக் கேட்டார். மேல்மாடத்துக்குச் சென்று அமர்ந்தார். உணவுக்கு அழைத்தும் எழவில்லை. ஓர் அலை போலவே இன்னோர் அலை வரும் என்று காத்திருந்ததாகவும், ஒன்றும் அப்படி வரவில்லை என்றும், இத்தனை காலமும் இது இங்கேயே இருந்ததா என்றும் பின்னர் சொன்னார். அவர் கண்களில் நீர் நின்றது.

தேய்பிறை முடியுமுன், ஒரு பிற்பகலில், அரசரும் அமைச்சனும் உப்புச் சாலையை அடைந்தனர். வாயிலிலேயே அரசர் தம் காலின் வீரக்கழலைக் கழற்றி வைத்தார். அதில் பரல் உண்டு, அசைந்தால் ஒலிக்கும். உள்ளே கூரை வரை உப்பு குவிந்திருந்தது. அங்கே ஓசை எதிரொலிப்பதில்லை, சொன்ன இடத்திலேயே நின்றுவிடுகிறது. நல்லணியார் உப்புக் குவியலின் நடுவே தனியே அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டும் உடனே பாடவில்லை. நடந்து வந்த மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, பிறகே தொடங்கினார்.

முதல் அடிகள் மூச்சின் அளவே இருந்தன. அதனாலன்றோ எம் அவையில் எவரும் அறியவில்லை! சற்று நேரத்தில் அரசரின் உதடுகள் அசையத் தொடங்கியதை அமைச்சன் கண்டான். பழைய பழக்கம் தலை தூக்குகிறது, எல்லாம் கெட்டது என்று அவன் எண்ணினான். அரசர் தாமே அதை உணர்ந்து, வலக்கையால் தம் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். பாட்டு முடியும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அவர் கேட்டது இது. நும் பாட்டை நுமக்கே திருப்பிச் சொல்வது மிகை. எனினும் அது வந்து சேர்ந்ததா என்று பெருமாட்டியார் அறிய வேண்டும் அல்லவா.

எழினியார் சிறுவராய் இருந்தபோது இருட்டுக்கு அஞ்சுவார் என்பதைக் கேட்டார். அச்சம் போக வழியெல்லாம் பாடிக்கொண்டே வருவார் என்பதையும், தோள் பருத்து மீசை வைத்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பதையும் கேட்டார். மலைச்சரிவின் வளைவில் அவர் குரல் கேட்டதும் தமக்கையார் சோற்றை வட்டிலில் இடுவார் என்பதையும், இப்பொழுதும் அந்தக் கதவு தாழிடப்படாமல் இருக்கிறது என்பதையும் கேட்டார்.

பிறகு ஓரிடத்தில் பாட்டு பிசகியது. அதுவரை மயிரிழையும் தவறாத நல்லணியாரின் குரல் சுரத்தை விட்டு விலகி, ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் தடுமாறி, தன் போக்கில் மகிழ்ச்சியாக நடந்தது. பண் எது என்றே அறியாத எம் அரசர் சட்டென்று தலை நிமிர்ந்தார். இது பாடினியாரின் பிழை அன்று, வேறொருவர் பாடுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழினியாருக்குப் பாட வராது. அவர் பாடியது போலவே, அந்தப் பிழைகளில் ஒன்றையும் திருத்தாமல், பெருமாட்டியார் பாட்டுக்குள் வைத்திருக்கிறீர். அந்த உப்புச் சாலைக்குள் ஓர் இளைஞர் பாடிக்கொண்டு நடந்து வந்தார். அரசர் திரும்பி வாயிலைப் பார்த்தார். அமைச்சனும் பார்த்தான். இறந்தவர் ஒருவரை உயிரோடு கண்டது போன்ற வியப்பு எங்கள் இருவரையும் ஆட்கொண்டது. அதற்கு இணையான ஒன்றை இந்த முதிய அமைச்சன் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

அந்தக் குரல் அடியின் நடுவில் நின்றது.

நின்றே இருந்தது. உப்பு மட்டும் சுற்றிலும் வெளுத்துக் கிடந்தது. நெடுநேரம் கழித்து, நல்லணியார் தம் சொந்தக் குரலில், பெருமாட்டியாரின் கேள்வியைப் பாடினார். பாடிக்கொண்டுதானே வந்தான், வில் எடுத்தவனே, நின் காதில் விழவில்லையா என்ற கேள்வி அது. மலைநாடு வயமானை ஏன் நம்பவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மான் பாடுவதில்லை.

இறுதியில் கேட்பவர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அரசர் வாயிலிருந்து கையை எடுத்தார். கேட்டேன் என்று அரசர் சொன்னபோது அது அரசர் குரலாக இல்லை. நல்லணியார் தலை தாழ்த்தி ஏற்றார். மலைநாட்டு முறைப்படி வயமானின் உயிர் விடுபட்டது, கானலங்கோட்டு ஓலை கிடைத்ததும் அவரை இறக்கி அனுப்புவர் என்று கூறினார்.

திரும்பும் வழியில் அமைச்சனின் நெஞ்சு துள்ளியது. இளங்கோ பிழைத்த மகிழ்ச்சியில் அவனுக்கு ஒரு வாதமும் தோன்றியது. வயமான் பொய் சொல்லவில்லை. எழினியார் பாடியது அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் இசைத்திரைக்கு அடியில் வளர்ந்தவருக்குப் பாட்டு என்பது காற்றைப் போல எப்பொழுதும் இருப்பது. பாட்டை விட்டுவிட்டுப் புதர் அசைந்ததை மட்டும் கவனித்து எய்திருக்கிறார். எம் அவை பாடினியாரைக் கேளாதிருந்ததே அதற்குச் சான்று. இதை மலைநாட்டுக்கு எழுதினால் இளங்கோவின் மேல் பழியே நில்லாது என்று அமைச்சன் களிப்போடு சொன்னான்.

அரசர் வழியில் நின்றுவிட்டார். நீர் சொல்வது முழுதும் உண்மை, அதனால்தான் அஞ்சுகிறேன் என்றார். பகையால் கொன்றிருந்தால் தம்பி ஒருவனோடு பழி போயிருக்கும்; கேளாமையால் கொன்றதால் அது தம் வீட்டையே சேர்ந்தது என்றார். துயரம் தம் எதிரில் அமர்ந்து பாடியபோது தாம் உப்பை நிறுத்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். அவன் கையில் வில் இருந்தது, என் கையில் இல்லை, அவ்வளவே எங்களுக்குள் வேறுபாடு என்றும் சொன்னார். அமைச்சனின் வாதம் அந்த வழியிலேயே கிடக்கிறது. அதை இங்கே எடுத்து எழுதியது நும்மிடம் வாதாடுவதற்காக அன்று, உண்மை நுமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே.

ஆகவே எம் அரசர் பெருமாட்டியாரிடம் வேண்டுவது இது. இளங்கோ வயமானை இப்பொழுது இறக்கி அனுப்ப வேண்டா.

எழுத்தாணியைப் பிடித்த கை இவ்வரியில் நின்றது என்பதையும், அரசர் அதையே மறுமுறை சொன்ன பின்னரே எழுதப்பட்டது என்பதையும் தெரிவிக்கிறோம். தம்பி அமராத பந்தியில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை; இதை எழுதச் சொன்னவரும் அவரே. நல்லணியார் அந்தப் பாட்டை வயமானுக்குப் பாடியருள வேண்டும். முதல் முறை அவன் கேட்கமாட்டான். நகம் கடிப்பான், கூரையைப் பார்ப்பான், காவலரோடு பேச்சுக் கொடுப்பான். அவன் மேல் சினம் கொள்ளாமல் மறுபடியும் பாடியருள்க. பாட்டு பிசகும் அந்த இடத்தில், யாரோ வருகிறார் என்று அவன் தானாகத் திரும்பி வாயிலைப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று அவன் அழுவான். அழுத பின் அனுப்பியருள்க. அந்த நாள் வரத் தாழ்ந்தால் அதுவரை நும்மிடமே இருக்கட்டும். எம் அரசர் காத்திருப்பார்.

இத்துடன் கானலங்கோட்டில் பிறப்பித்த ஆணைகளையும் அறிவிக்கிறோம். உப்பு வழி எக்காலத்தும் அடைக்கப்படாது. இசைத்திரை நீக்கப்பட்டது, மறைக்க வேண்டிய பேச்சை வெட்டவெளியில் நடந்தபடி பேசிக்கொள்கிறோம், ஒற்றர் கேட்டால் கேட்டுப் போகட்டும். அந்தி வேளையில் மட்டும் அவையில் இசை உண்டு. அப்பொழுது அரசர் உட்பட எவரும் வாய் திறப்பதில்லை. முதல் அந்தியில் எம் இசைவாணர் மிகவும் மோசமாக வாசித்தனர். தங்கள் பக்கம் முகங்கள் திரும்பியிருப்பதைக் கண்டு அவர்களுக்குக் கை நடுங்கிவிட்டது. யாழ் மீட்டுவோரில் மூத்தவர் பாதியில் விம்மினார். மோசமாக இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்ததே எங்களுக்குப் பெரு வியப்பு.

வானும் மலையும் கடலும் சான்றாக, நாவாய் இலச்சினை இட்டு, இவ்வோலையை நல்லணியார் கையிலேயே தருகிறோம். சங்கும் முரசும் இன்றி அவர் வாயிலைக் கடப்பார். நகரம் எழுந்து நின்று அவர் காலடி ஓசை தேயும் வரை கேட்டிருக்கும். இது அரசர் ஆணை.

பெருமாட்டியார் நீடு வாழ்க. நும் தம்பி எழினியார் பாடிக்கொண்டுதான் வந்தார். கேட்டோம்.